கதவுக்கு அந்தப் பக்கம்

வெந்நீரில் பிழிந்த துணியை முதலில் தன் கன்னத்தில் ஒற்றிப் பார்க்கிறாள் ஜூலியானா. சூடு பதமாக இருந்தால்தான் அது நோயாளியின் உடம்புக்குப் போகும். மலாய் மண்ணில், ஜார்ஜ் டவுன் ஆஸ்பத்திரி ஒன்றில் பெண்கள் வார்டு ஆயா அவள். ஐம்பதை நெருங்கும் குள்ளமான உருவம், வெள்ளைச் சேலை, இடுப்பில் செருகிய ஜெபமாலை, கடைவாயில் எப்போதும் ஒரு கிராம்பு.

புதிதாக வருகிறவளிடம் அவள் நோயை விசாரிப்பதில்லை. "ஒனக்கு யாரு இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. யாரும் இல்லையென்றால், "அப்ப நான்தான் லா சின்னம்மா" என்று முறை வைத்துக்கொண்டு, அந்த உரிமையில் அன்றைக்கே திட்டவும் தொடங்கிவிடுவாள்.

சென்ற மழைக்காலத்தில் ஷரீஃபாவைக் கொண்டுவந்தார்கள். துறைமுகத்தில் தொங்கான் படகுகளிலிருந்து சரக்கு இறக்கும் காஜா மொய்தீனின் மனைவி, முதல் பிரசவம். பிள்ளை குறுக்கே கிடந்தது. உடனே வயிற்றைத் திறக்காவிட்டால் இரண்டு உயிரும் போய்விடும் என்றார் யாழ்ப்பாணத்து டாக்டர் ஆனந்தராஜா. கணவன் சம்மதித்துவிட்டான். ஷரீஃபாவோ கட்டில் கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பற்றிக்கொண்டாள். டாக்டர் அதட்டியும் கணவன் கெஞ்சியும் பிடி தளரவில்லை.

வலி சற்று ஓய்ந்தபோது ஜூலியானாவிடம் மட்டும் சொன்னாள்: "லாத்தாவும் அந்த ரூமுக்குத்தான் போச்சு. தனியாப் போச்சு."

அக்காள் ஹாஜரா இரண்டு வருஷத்துக்கு முன் ஆபரேஷன் அறையில்தான் இறந்தாள். கதவு வரை தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனவள் ஜூலியானா. அதற்கு மேல் ஆயாக்கள் போகக் கூடாது.

"நான் உள்ள வர்றேன் புள்ள."

"பொழைச்சுக்குவேனா?"

பொய்யொன்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். "அது எனக்குத் தெரியாது. ஒன் கையை விடமாட்டேன். அது நிச்சயம்."

கம்பியிலிருந்து ஒரு கை விடுபட்டு அவள் கையைத் தேடியது. பிறகுதான் மற்றது.

அறைவாசலில் டாக்டர் மறித்தார். "ஆயா, நீர் வெளியிலை நில்லும்."

"நான் நின்னா இவளும் நிப்பா டாக்டர். நேரம் போவுது."

அவர் அவளையும் பார்த்தார், பிணைந்திருந்த கைகளையும் பார்த்தார். "முகத்திலை துணியைக் கட்டும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

குளோரோபாம் நெடியில் ஷரீஃபாவின் கண்கள் சொருகின. "மயக்கம் வந்திட்டுது. இனி விடலாம்" என்றார் டாக்டர். ஜூலியானா விடவில்லை. கத்தி ஓடும் பக்கம் திரும்பாமல் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளை நீலம் பாரித்து, சத்தமில்லாமல் வந்தது. தாதி தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள். மறுபடியும் தட்டினாள். டாக்டர் யாரிடமோ, "நாடி இறங்குது" என்றார். ஜூலியானாவின் உள்ளங்கைக்குள் விரல்கள் குளிர்ந்துகொண்டே போயின. அவற்றைத் தேய்த்துக்கொண்டு காதோரம் குனிந்தாள். "ஷரீஃபா, சின்னம்மா இங்கதான் இருக்கேன். எங்கயும் போகல."

அறையின் மூலையில் பிள்ளை மெலிதாக அழுதது. தாய் அசையவில்லை. தையல் முடிந்து வெகுநேரம் கழித்து, உள்ளங்கைக்குள் ஒரு விரல் மடங்கியது.

தாதி குழந்தையைத் துணியில் சுற்றி நீட்டினாள். ஜூலியானா வாங்கிக்கொள்ளவில்லை. தகப்பன் காத்திருக்கும் பக்கமாக முகவாயை அசைத்துக் காட்டிவிட்டு, பிடியில் இல்லாத இடது கையால் முந்தானையை இழுத்து ஷரீஃபாவின் உதட்டோரத்தைத் துடைத்தாள்.