ஸும்ரா ராத்தாவின் மூக்கு

ஸும்ரா ராத்தா தகரப் பேணியின் மூடியைத் திறந்து, கண்ணை மூடி ஒரு முறை முகர்கிறார். மூடுகிறார். வாசல் வரை போனவர் நின்று, மறுபடியும் திறந்து முகர்கிறார். "இருக்கி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பேணியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிறார். உள்ளே இருப்பது இடித்த மாசிக் கருவாடு. அவர் பார்த்துக்கொள்வது தன் மூக்கு இன்றும் வேலை செய்கிறதா என்பதை.

ஸும்ராவுக்கு முப்பத்தொரு வயது. நுரைச்சோலையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் 'ராத்தா', மூத்த சகோதரி. தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னியல் படித்தார். கிடைத்ததோ மீன் வாங்கும் கம்பனியில் தரம் பார்க்கும் வேலை. செவுளைத் தூக்கிப் பார்த்து, வயிற்றைப் பெருவிரலால் அழுத்தி, முகர்ந்து, "இது போகும், இது போகாது" என்று பிரிக்க வேண்டும். அவர் 'போகாது' என்று தள்ளிய மீனை முதலாளிகூட எடுத்து இந்தப் பக்கம் வைப்பதில்லை.

இரண்டு மணிக்கு வேலை முடிந்தால், மூன்று மணிக்குப் பாடசாலையின் ரோபோக் கழகத்தில் நிற்பார். அதற்குச் சம்பளம் கிடையாது. கோட்டைப் பார்த்து ஓடி, டின்களைத் தூக்கி அடுக்கும் ரோபோவைப் பிள்ளைகள் செய்துகொண்டிருக்க, இவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மேசையைச் சுற்றி நடப்பார். "போட்டியில நான் வந்து பூட்ட ஏலா. நீங்களே பூட்டுங்க, நீங்களே கழட்டுங்க." ஆனால் பெட்டரியை மட்டும் அவர் பார்க்காமல் யாரும் பூட்டக் கூடாது. அதையும் மீனைப் போலவே பார்ப்பார். வயிற்றை அழுத்துவார், பிறகு முகர்வார்.

"ராத்தா, கிலோ என்ன வெலைக்குப் போகும்?" என்பான் அஸ்மி. குழுவில் வாய் கூடியவன் அவன்தான்.

"ஒன்ட வாய்க்கு ஒண்டும் போகாது. தள்ளி நில்லுடா."

இந்த லித்தியம் பெட்டரிகள் கெட்டுப்போனால் வயிறு ஊதும். உறை கசிந்தால் இனிப்பாக ஒரு மணம் வரும், நகப்பூச்சை அழிக்கும் திரவத்தின் மணம் போல. அதற்குப் பிறகு எப்போது தீப்பிடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. சார்ஜ் ஏற்றும் மேசைக்குக் கீழே எப்போதும் இரண்டு வாளி காய்ந்த கடற்கரை மணல் இருக்கும். அவற்றை மறித்து யாராவது கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டால் ராத்தாவின் முகம் மாறிவிடும்.

அந்த வாளிகள் வந்த கதை எங்களுக்குத் தெரியும். இரண்டு வருடங்களுக்கு முன், நானும் குழுவில் இருந்தபோது, ராத்தா பார்த்து "போகும்" என்று கொடுத்த பெட்டரி ஒன்று மேசையிலேயே வெடித்து எரிந்தது. ஸபீனா என்ற பிள்ளைக்கு முழங்கை வரை சுட்டுவிட்டது. அவள் பிறகு கழகத்துக்கு வரவேயில்லை. இன்னொரு தீ வந்தால் கழகத்தை மூடிவிடுவேன் என்று அதிபர் சொன்னார். நாங்கள் அதைக் கெட்ட காலம் என்று நினைத்தோம்.

இந்த வருடம் சிலாபத்தில் மாவட்டப் போட்டி. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருப்புக்கொள்ளாமல் திரிந்த நானும் சாமான் தூக்கக் கூடப் போனேன். காலையில் பெட்டரியைப் பார்க்க ராத்தா கை நீட்டியபோது, "நேத்துப் பாத்தீங்கதானே. பெட்டிய ஒட்டியாச்சி, பஸ்ஸும் வருது" என்றாள் சப்னா. குழுவின் தலைவி அவள். ஐஸ் போட்டு மீன் அடுக்கும் வெள்ளை ரெஜிபோம் நுரைப்பெட்டிக்குள் ரோபோ இருந்தது. பஸ்ஸில் அதைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

பாலாவி நெருங்கும்போது ராத்தா என் பக்கம் திரும்பி, "என்ன மணம் இது?" என்றார்.

"அத்தர், ராத்தா."

"எங்க இருந்து?"

பெட்டியிலிருந்துதான். ராத்தா குனிந்து முகர்ந்தார். நிமிர்ந்தபோது முகம் வெளிறிப்போயிருந்தது. "எனக்கு அத்தர் மட்டுந்தான் வருது" என்று முணுமுணுத்தபடி கைப்பையில் பேணியைத் தேடினார்.  திறந்து மாசியை முகர்ந்தார். மூக்கு இருந்தது. மறுபடியும் பெட்டியில் முகத்தை வைத்து, இந்த முறை நெடுநேரம் இழுத்தார். அத்தருக்குக் கீழே அந்த இனிப்பு மணம் இருந்திருக்க வேண்டும்.

"நிப்பாட்டுங்க! பெட்டி பத்தப் போகுது!"

"பொகையே இல்லியே நங்கி?" என்று தங்கச்சி முறை வைத்துக் கேட்டார் சிங்களக் கொண்டக்டர். பின்னாலிருந்து ஒருவர், "அத்தர் பூசின பெட்டி எங்க பத்தும்? மாப்புள ஊட்டுக்குப் போற பெட்டி போல" என்றார். பஸ் சிரித்தது. ராத்தா சப்னாவின் மடியிலிருந்து பெட்டியைப் பிடுங்கி, மார்பிலிருந்து எட்டப் பிடித்தபடி நடுவழியில் நின்றவர்களை இடித்துக்கொண்டு போனார். பஸ் நின்றது.

உப்பளத்து ஓரத்தில், வெள்ளை பூத்த வெறும் தரையில் பெட்டியை வைத்து, ரோபோவைச் சக்கரத்தில் பிடித்து வெளியே எடுத்தார். ஊதிய பெட்டரியை அமுக்கி இரண்டு இறப்பர் பட்டிகள் போடப்பட்டிருந்தன. நண்டின் காலுக்குப் போடும் பட்டிகள். அவற்றைக் கழற்ற நீண்ட கை பாதியில் திரும்பியது. "ஓடுங்க புள்ளையள்! தூரமா!"

பத்து எண்ணும் நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அஸ்மி ஏதோ சொல்ல வாய் எடுத்தான். அப்போது நொறுங்குவதுபோல் ஒரு சத்தம். வெள்ளைப் புகை சீறியது. பிறகு முழங்கால் உயரத் தீ. நான்கு மாத வேலை எங்கள் கண் முன்னால் உருகிச் சாய்ந்தது. பஸ் ஜன்னல்களில் தலைகள் இருந்தன, சிரிப்பு இல்லை.

சப்னா தன் மடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நேத்து நீங்க பாத்த பொறகு பெட்டரிய ஜன்னலோரம் வெயில்ல வெச்சிட்டன் ராத்தா. ஊதிட்டு. வேற பெட்டரியும் இல்ல. நீங்க மோந்தா போகாதுண்டு சொல்லுவீங்கண்டு… வாப்பாட அத்தரப் பூசினன்."

ராத்தா ஏசுவார் என்று காத்திருந்தோம். அவர் வீதியோரக் கல்லில் உட்கார்ந்தார்.

"ஸபீனாக்குச் சுட்ட அண்டைக்கு எனக்கு மூக்கே இல்ல" என்றார். "காய்ச்சல் வந்து மூணு கிழம மணம் இல்ல. சொன்னா கம்பனியில நிப்பாட்டிருவாங்க. கண்ணாலயும் வெரலாலயும் சமாளிச்சன். ஒங்களுக்கிட்டயும் சொல்லல்ல. பெட்டரிய மூக்குல வெச்சி, மோந்த மாதிரி நடிச்சி, போகுமுண்டு குடுத்தன்."

பஸ் போய்விட்டது. தீ அணைந்து, கருகிய பிளாஸ்டிக் நாறியது. "இப்ப நாம எங்க போறது?" என்று அஸ்மி மெதுவாகக் கேட்டான். நாங்கள் வீட்டுக்குத் திரும்பினோம்.

இதை எழுதலாமா என்று ராத்தாவிடம் கேட்டேன். "எழுது. கம்பனியில சொல்லிட்டன். ஸபீனாட உம்மாக்கிட்டயும் நானே போய்ச் சொல்லிட்டன்."

"அவ என்ன சொன்னா?"

"ஒண்டும் சொல்லல்ல. பிளேன்டீ ஊத்தித் தந்தா. என்னால குடிக்க ஏலாமப் போச்சி."

தீ வெளியில் பிடித்ததாலும், ராத்தா எதையும் மறைக்காமல் சொன்னதாலும், அதிபர் கழகத்தை மூடாமல் இன்னொரு தவணை கொடுத்திருக்கிறார். சென்ற வாரம் புதிய ரோபோவின் சட்டத்தைப் பூட்டத் தொடங்கினார்கள். இப்போது பெட்டரியைத் தொடுவதற்கு முன் ராத்தா மாசிப் பேணியைச் சப்னாவின் கையில் கொடுத்துவிட்டுக் கண்களை மூடிக்கொள்கிறார். சப்னா சில நாள் மூடியைத் திறந்து நீட்டுவாள், சில நாள் திறக்காமலே நீட்டுவாள். ராத்தா சரியாகச் சொன்னால்தான் அன்று பெட்டரி அவர் கைக்கு வரும். இது ராத்தாவே வைத்த சட்டம்.

நான் பார்க்கப் போன அன்று சப்னா மூடியைத் திறக்காமல் பேணியை மூக்கருகே பிடித்தாள். ராத்தா மூச்சை இழுத்தார். இன்னொரு முறை இழுத்தார்.

"மணம் இல்ல."

சொல்லிவிட்டும் அவர் கண்ணைத் திறக்கவில்லை. பேணி மூடியிருக்கிறதா, மூக்குப் போய்விட்டதா என்று அவருக்குத் தெரியாது. மேசை விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. சப்னா மூடியைத் திறந்து மாசியை நீட்டினாள். ராத்தாவின் விரல்கள் ஒவ்வொன்றாக மேசையை விட்டன.