தாலுகா ஆபீஸ் வழியாக ஜாஸ்

போன ஞாயிறு மாலை புதுச்சேரியில் ஓர் ஓட்டலில் உட்கார்ந்திருந்தேன். காபிக்காக அல்ல... என் அறிவு அரங்கேறுவதைப் பார்க்க.

ஆரோக்கியம் எங்கள் கிளியனூர்க்காரர். திண்டிவனத்தில் கல்யாண பேண்டு செட்டில் சாக்ஸபோன் ஊதுகிறவர். ஆடி மாதம் கல்யாணம் இல்லை, வேலையும் இல்லை. அந்த ஓட்டலின் ஜாஸ் குழுவுக்கு ஆள் தேவைப்பட்டது. ஒரு பழைய அமெரிக்கப் பாட்டை வாசித்து, நடுவே சொந்தக் கற்பனையில் ஊதிக் காட்ட வேண்டும். தேறினால் வருஷம் முழுக்க சனி, ஞாயிறு வேலை.

பாட்டை செல்போனில் போட்டுக் காட்டினார். விடுவேனா? முப்பது வருஷம் தாலுகா ஆபீஸில் ஃபைல் நகர்த்தி, ரிட்டயரானதும் கீபோர்டு கற்றவன். நான்கு பக்கக் குறிப்பு தயாரித்தேன்.

ஜாஸில் கோர்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கொத்துகள், பெரும்பாலும் இரண்டு, ஐந்து, ஒன்று என்று நகரும். ஆபீஸ் நடைமுறையேதான். இரண்டு — மனு மேஜைக்கு வருகிறது. ஐந்து — கையெழுத்துக்குக் காத்திருக்கிறது, யாருக்கும் இருப்புக்கொள்ளாது. ஒன்று — உத்தரவு, வீட்டுக்குப் போகலாம். இந்தப் பாட்டின் நடுப்பகுதியிலோ சுருதியே மாறி, ஃபைல் வேறு தாலுகாவுக்கே போய்விடுகிறது! எந்தக் கோர்டுக்கு எந்த ஸ்வரம் என்று அட்டவணை, அடிக்குறிப்பு...

ஆரோக்கியம் பொறுமையாகப் புரட்டினார்.

"ஊர்வலத்துல தெரு திரும்பணும்னா எங்க மாஸ்டர் கையத் தூக்குவாரு சார். நாங்க பாட்டுக்கு ஊதிக்கினே திரும்பிடுவோம். இதுல எங்க திரும்பணும்னு மட்டும் சொன்னா போதும்."

அட்டவணையைப் படிக்கச் சொன்னேன்.

ஞாயிறன்று மெட்டு சுகமாகப் போனது. அது அவர் காதால் பிடித்தது. கற்பனைப் பகுதிக்கு என் அட்டவணையைப் பார்த்து ஊதினார். பியானோக்காரர் திரும்பிப் பார்த்தார். பாஸ் கிடார்காரர் தன் கிடாரையே சந்தேகித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது — அவர் ஊதும் வகை சாக்ஸபோனில் 'ஸி' ஊதினால் கீபோர்டின் 'ஈ ஃபிளாட்' கேட்கும். நான் எழுதிக் கொடுத்ததெல்லாம் கீபோர்டு ஸ்வரம். சரியான ஃபைல், தவறான தாலுகா.

ஆரோக்கியம் தாள்களைக் கவிழ்த்துவிட்டு பாஸ் கிடாரைக் கவனித்தார். மாப்பிள்ளை கார் வந்து சேரும்வரை ஒரே வரியை இழுத்து, வளைத்து, அலங்கரித்து ஊதுவாரே... அதை ஊதினார். பியானோக்காரர் முகம் தெளிந்தது. ஆனால் நடுப்பகுதி நெருங்குகிறதே? ஆரோக்கியத்தின் கண்கள் என்னைத் தேடின.

எழுந்து நின்று கையைத் தூக்கினேன். என்ன வேண்டும் என்று வெயிட்டர் ஓடி வந்தார். ஆரோக்கியம் ஊதிக்கொண்டே நடுப்பகுதிக்குத் திரும்பிவிட்டார்.

சனிக்கிழமையிலிருந்து வரச் சொல்லிவிட்டார்கள். பஸ்ஸில் வரும்போது, "நீங்க குடுத்தது நல்லா உதவுச்சு சார்" என்றார்.

எந்தப் பக்கம் என்றேன் ஆவலாக.

"கை சார்."

ஒரு தாள்கூட இல்லாமல் நான் நகர்த்திய முதல் ஃபைல்!