பாபகூராவிலிருந்து ஆல்பனிக்கு ஒரு பிரேக் பெடலுடன்

போன மாதம், மழை விட்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, நகரின் தெற்கு விளிம்பிலுள்ள பாபகூராவிலிருந்து வடக்கு விளிம்பிலுள்ள ஆல்பனிக்கு ரயிலிலும் பஸ்ஸிலுமாகப் போய் வந்தேன். என் கணவர் கட்டிய ஹாட் ராட் காருக்கு விஷயம் தெரிந்த ஒருவரின் உதவி தேவைப்பட்டது. ஹாட் ராட் என்றால், பழைய காரின் கூட்டுக்குள் புது எஞ்சினும் பிரேக்கும் வைத்துக் கட்டும் வண்டி. எங்களுடையது 1934ஆம் ஆண்டின் ஃபோர்டு. ஒன்பது ஆண்டுகள் கட்டினார். அவர் மறைந்து இரண்டு ஆண்டுகளாகின்றன. சான்றிதழ் வாங்கியதும் விற்றுவிடுவதென்று முடிவு செய்திருந்தேன். ஹாமில்டனில் ஒருவர் வாங்கக் காத்திருந்தார். நான் விரும்பியது ஒன்றுதான். என் கணவர் கடைசியாகச் செய்த பிரேக் பெடல் சோதனையில் அப்படியே தேற வேண்டும்; வண்டி போகும் இடமெல்லாம் அவருடைய கைவேலையும் போக வேண்டும்.

இந்த நாட்டில் இப்படி மாற்றிக் கட்டிய வண்டியை ரோட்டில் இறக்க, அதற்கென்றே உள்ள பரிசோதகர் பார்த்துச் சான்று தர வேண்டும். அதற்கு முன் நல்ல வெல்டர் ஒருவரிடம் காட்டுவது புத்தி. கார்ப் பிரியர்களிடம் விசாரித்ததில், ஆல்பனியில் பட்டறை வைத்திருக்கும் பாலன் என்ற மலேசியத் தமிழரின் பெயர் கிடைத்தது.

மோட்டார்வேயில் நான் ஓட்டுவதில்லை. நான்கு கிலோ பெடலைத் துவாயில் சுற்றி, சில்லு வைத்து உருட்டிக்கொண்டு போகும் கடைப் பையில் போட்டுக்கொண்டு 9.12 ரயிலைப் பிடித்தேன். முதியோர் அட்டை இருந்தால் ஒன்பது மணிக்குப் பிறகு பயணம் இலவசம். நகர மையத்தில் இறங்கும்போது 10.06. ஐந்து நிமிட நடை, பிறகு 10.25க்கு வடக்கே போகும் பஸ். ஏறும்போது பை கதவில் இடித்து ‘டங்’ என்றது. ஓட்டுநர் என் நெற்றித் திருநீற்றைப் பார்த்துத் தமிழிலேயே கேட்டார்.

“என்னம்மா, பையில இரும்பா?”

“பிரேக்,” என்றேன்.

“நம்ம பஸ்ல ஏற்கனவே இருக்கும்மா. பயப்படாம உக்காருங்க.”

மதுரைக்காரராம். ஹார்பர் பாலம் தாண்டும்வரை சிரித்துக்கொண்டே வந்தார்.

ஆல்பனி நிலையத்தில் 11.00. அங்கிருந்து பட்டறை ஒன்றரைக் கிலோமீட்டர். பையோடு எனக்கு இருபத்தைந்து நிமிடம் பிடித்தது. நடைபாதை மேடு பள்ளம், கவனம்.

பாலனுக்கு அறுபது வயது இருக்கும். துவாயைப் பிரித்ததும் பெடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அக்கா, யாரு பெயின்ட் அடிச்சது?”

“நான்தான். மூன்று பூச்சு.”

“அழகா இருக்கு லா. ஆனா என்னால ஒண்ணும் பாக்க முடியாதே. வெல்டிங் மேல பெயின்ட் இருந்தா, எதையோ மறைக்கிறீங்கன்னு பரிசோதகர் நெனப்பாரு.”

என்னைப் பார்த்து யாரும் அப்படிச் சொன்னதில்லை. துருவும் கரியுமாக ஒரு பொருளை அந்நியர் முன் வைக்கக்கூடாது என்று கான்வென்டில் பழகியவள் நான். என் சுத்தமே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லும் என்று எதிர்பார்க்கவில்லை.

பெயின்டைக் கழற்ற நாற்பது நிமிடம் ஆனது. பிறகு விளக்கைக் கிட்டப் பிடித்தார். அடிப்பகுதி வெல்டிங் மீன் செதில் போல ஒரே சீராக இருந்தது. மேலே இரண்டு இணைப்புகள் அலைந்து, தடித்து, ஓரிடத்தில் இரும்பைப் பிடிக்காமலே ஓடியிருந்தன.

“கீழ நல்ல கை. மேல வேற ஆளா?”

“அதே ஆள்தான். என் கணவர்.”

கடைசி வருடம் அவருக்குக் கை நடுங்கியது. தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடிப்பார். வெல்டிங் செய்ய வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். விட்டுவிட்டதாகச் சொன்னார். வெள்ளிக்கிழமைகளில் நான் கோவிலுக்குப் போன நேரத்தில் செய்திருக்க வேண்டும்.

பாலன் நாடாவை வைத்து அளந்தார். “அண்ணன் எவ்வளவு உயரம்?”

“ஐந்தடி பத்து அங்குலம்.”

“சீட்டு முன்ன பின்ன நகருமா?”

“இல்லை. பின்சுவரோட பூட்டியிருக்கு.”

“அப்ப இது அவருக்குக் கட்டினது இல்ல. நல்லா இருந்த பெடல வெட்டி, ரெண்டு இன்ச் துண்டு வச்சு, ஓட்டுறவங்க பக்கம் கொண்டாந்திருக்காரு. அவரு காலுக்கு இது இடிக்கும். யாரோ குட்டையான ஆளுக்குச் செஞ்சிருக்காரு.”

என் உயரம் நாலடி பதினொரு அங்குலம். பாலன் என்னைப் பார்த்தார். பிறகு, நாகரிகம் தெரிந்தவர், திரும்பிப் போய்த் தேநீர் போட்டார்.

அந்தக் காரில் நான் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. என் கணவர் கேட்கவுமில்லை. கேட்டிருந்தால், “இந்த வயதில என்ன கூத்து” என்று சொல்லியிருப்பேன். அது அவருக்குத் தெரியும்.

“இத வச்சிக்க முடியாது அக்கா,” என்றார் பாலன், கோப்பையை நீட்டியபடி. “மத்த எடம்னா பாக்கலாம். இது பிரேக்.”

“ஓம், தெரியும். வெட்டுங்கோ தம்பி. புதுசா ஒரே தகட்டில செய்யுங்கோ.”

“அளவு? விக்கிறதுன்னா சாதாரண அளவுல செஞ்சிடறேன்.”

தேநீரைக் குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

“ஒரு கதிரை கொண்டுவாங்கோ. நான் இருக்கிறன், அளவெடுங்கோ.”

அவர் ஒரு நாற்காலியைத் துடைத்துச் சுவரோடு சேர்த்துப் போட்டார்.

“செருப்போடயோ, இல்லாமலோ?” என்று கேட்டேன்.

“எதப் போட்டுட்டு ஓட்டுவீங்களோ, அதோட.”

முதுகைச் சுவரில் வைத்துக் காலை நீட்டினேன். அந்த ஃபோர்டில் பெடல் பூட்டும் தூரத்தைச் சுவரிலிருந்து அளந்து, அங்கே பாலன் பழைய பெடலைப் பிடித்தார். அதன் தட்டு, நான் எட்டிப் பிடிக்கத் தேவையில்லாமல், என் பாதத்தின் கீழ் வந்து நின்றது. நடுங்கிய கையோடும் அளவில் என் கணவர் பிழை விடவில்லை.

வீடு வந்து சேரும்போது 4.40. ஹாமில்டன்காரருக்குத் தொலைபேசி எடுத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை.

இதே வேலையாகப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். வெல்டிங் செய்த எதற்கும் சான்று கிடைக்கும்வரை பெயின்ட் அடிக்காதீர்கள். துரு பிடிக்காமலிருக்க எண்ணெய் தடவினால் போதும். முதலில் படம் எடுத்து அனுப்பலாம், ஆனால் படத்தில் வெல்டிங் தெரியாது, கையில் கொண்டு போங்கள். புதுப் பெடலுக்கு 240 டொலர், மூன்று வாரம். பரிசோதகரிடம் முன்கூட்டியே நாள் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், வண்டியை யார் ஓட்டப் போகிறார் என்று முடிவு செய்துவிட்டு வீட்டிலிருந்து கிளம்புங்கள். நான் அதை ஆல்பனியில், ஒரு நாற்காலியில் உட்கார்ந்துதான் முடிவு செய்தேன்.