சுந்தரவல்லி கழுவிய தண்ணி லாரி

சேலையூர் சத்யநாராயணனுக்கு ஒரு வினோத வியாதி. புது வண்டியைக் கண்டால் கை சும்மா இருக்காது, பழசாக்கிவிடுவார். நிஜ வண்டியை அல்ல, ஐயா. ஒரு சாண் நீளத்துக்கு அவரே செய்கிற குட்டி வண்டிகளை. பளபளவென்று பெயின்ட் அடிப்பார். மறுநாளே அதன்மேல் துரு, கீறல், சேறு என்று தீட்ட ஆரம்பித்துவிடுவார்.

அவருக்கு வாய்த்த சுந்தரவல்லியோ கேம்ப் ரோடு புழுதியோடு இருபது வருஷமாக மல்லுக்கட்டுகிறவள். ஜன்னல் கம்பியில் விரலை வைத்து இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் காபியே போடுவாள்.

இந்த வருஷம் அவர் ஒரு தண்ணி லாரி செய்திருந்தார். விஜயதசமியன்று குரோம்பேட்டையில் குட்டி வண்டிகள் கண்காட்சி. முதல் தடவையாக அவர் வண்டி நாலு பேர் முன்னால் நிற்கப்போகிறது. "சார் இன்னும் பொம்மை வெச்சு விளையாடறாரா?" என்று சிரித்த ஆபீஸ்காரர்களை வேறு வரச் சொல்லிவிட்டார்.

ஆயுத பூஜையன்று காலை, அவர் வாழைக்கன்று வாங்கித் திரும்புவதற்குள் நடந்துவிட்டது. ஸ்கூட்டரைக் கழுவிய கையோடு லாரியையும் சோப்பு போட்டுத் தேய்த்து, சந்தனம் குங்குமம் வைத்து, கதம்பத்தில் ஒரு துணுக்கைக் கிள்ளி மாலையும் போட்டிருந்தாள் சுந்தரவல்லி. துருவும் சேறும் போயே போச்சு.

"நல்ல நாளும் அதுவுமா வண்டில இவ்ளோ அழுக்கு இருக்கலாமாங்க?"

மனுஷன் கத்தவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு மாசம், வல்லி" என்றார். கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குப் பாவமாகிவிட்டது.

"எழுந்திருங்க. மறுபடி பூசிடலாம்."

"எதை வெச்சு? பிரஷ் எல்லாத்தையும் பூஜைல வெச்சுட்டியே!"

பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள்வரை தொடக்கூடாது. அதில் அவள் கறார். விறுவிறுவென்று சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை எடுத்து வந்தாள்.

"இதையெல்லாம் யாரும் பூஜைல வெக்கறதில்ல. தாராளமா தொடலாம்."

அவள் தினமும் பிடிக்கிற ஆயுதம் அதுதானே என்று அவருக்குச் சுருக்கென்றது. பெயின்ட் டப்பாவைத் திறந்தார்.

ஸ்பாஞ்சில் ஒரு துண்டைக் கிள்ளி, துரு நிறத்தில் தொட்டு அவர் ஒற்ற ஆரம்பித்தார். "அங்க இல்லீங்க! கை படற எடத்துல அழுக்கு தங்காது. குழாய்க்குக் கீழ வையுங்க, மூலைல வையுங்க" என்று பிடுங்கி அவளே ஒற்றினாள். இருபது வருஷம் அழுக்கை விரட்டியவளுக்கு அது எங்கே ஒளியும் என்று தெரியாதா? சாயங்காலத்துக்குள் லாரி முன்னைவிடப் படுகேவலமாக, அதாவது பிரமாதமாக, ஆகிவிட்டது.

மிச்ச ஸ்பாஞ்சுக்குச் சந்தனப் பொட்டு வைத்து, பிரஷ்களுக்குப் பக்கத்தில் வைத்தார் சத்யநாராயணன்.

"ஐயோ, ராத்திரி பாத்திரத்தை எதை வெச்சுங்க தேய்க்கறது?"

"நாளைக்குவரைக்கும் தொடக்கூடாது. இட்லி பார்சல் வாங்கிட்டு வரேன்."

மறுநாள் கண்காட்சி மண்டபத்தில் லாரியைச் சுற்றி ஒரே கூட்டம். ஆபீஸ்காரர்கள் குனிந்து குனிந்து போட்டோ எடுத்தார்கள். மண்டபத்தைப் பெருக்கித் துடைக்கும் கிளியம்மாள் எட்டிப் பார்த்தாள். "இன்னாமா இது, வண்டி பூரா இம்மாந் தூசி கீது!" என்று ஈரத் துணியை நீட்டினாள்.

சுந்தரவல்லி பாய்ந்து குறுக்கே நின்றாள்.

"தொடாதீங்கக்கா! அழுக்கு போயிடும்!"