இரண்டு நடை பாக்கி

அரியலூருக்கு வெளியே, சுண்ணாம்புக்கல் லாரிகளை எடைபோடும் மேடை ஒன்றில் வீரமுத்துவுக்கு வேலை. கல்லங்குறிச்சிக்காரர், வயது நாற்பத்தெட்டு. லாரி மேடையில் ஏறும், கணினியில் எண் விழும், அவர் சீட்டைக் கிழித்துக் கொடுப்பார். அடுத்த லாரி வரும்வரை அதே கணினியில் நாற்பத்திரண்டு கோள்களை ஆண்டுவந்தார்.

விளையாட்டு பழையது. கணினி வந்த நாளிலிருந்தே அதில் இருந்தது. யார் போட்டதென்று தெரியாது. நாம் ஒரு முறை நகர்த்தினால் எதிரிகள் ஒரு முறை நகர்த்துவார்கள். இந்த ஒரு முறையை வீரமுத்து ‘நடை’ என்றுதான் சொல்வார். லாரி ஒரு லோடு ஏற்றி வருவதை அப்படிச் சொல்லும் லாரிக்காரர்களோடு இருபது வருடம் பழகியவருக்கு வேறு சொல் வரவில்லை. எல்லாக் கோள்களுக்கும் உத்தரவு போட, ஒரு நடைக்குக் கால் மணி நேரமாகும்.

கோள்களுக்கு ஊர்ப்பெயர் வைத்திருந்தார். குரும்பலூரில் கப்பல் தளம், அரும்பாவூரில் உழவு. ஆலைக்கழிவு எந்தக் கோளிலும் தங்கக்கூடாது என்பதில் மட்டும் கண்டிப்பு. தன் அறையின் சன்னல் கண்ணாடியை மூடிக்கிடந்த தூசியைப் பற்றி நிர்வாகத்திடம் அவர் ஒருநாளும் வாய்திறந்ததில்லை.

பதினோரு வருடமாக ஆடியும் ஓர் ஆட்டத்தில்கூட வென்றதில்லை. இப்போதுதான் முதல்முறையாக வாய்ப்பு வந்திருந்தது. இரண்டு நடையில், விளையாட்டிலுள்ள எல்லா இனங்களும் ஓட்டுப் போடும் அண்டப் பேரவை கூடும். மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு விழுந்தால் அவர் பேரரசர். அன்றைக்குப் பார்த்து, மாலை நான்கு மணிக்குப் பழைய கணினியைக் கழற்றிப் புதியதை வைக்கப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். புதியதில் இந்த விளையாட்டு ஓடாது.

மூன்றரைக்கு, சுரங்கத்திலிருந்து லாரிகளை அனுப்பும் சசிகலா போன் செய்தாள்.

“அண்ணே, நாலு மணிக்குள்ள முடிச்சிருவீங்களா?”

வீரமுத்து திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ரெண்டு நடை பாக்கிம்மா. முடிஞ்சிரும்.”

“சரிங்கண்ணே.”

சசிகலா உடனே இரண்டு லாரிகளை அனுப்பிவைத்தாள்.

முதல் லாரி மேடையில் ஏறியபோது மணி மூன்றே முக்கால். எடையையும் விளையாட்டையும் சேர்த்துத் திறந்தால் கணினி அசையாமல் நின்றுவிடும். வீரமுத்து லாரியைப் பார்க்காதவர்போல இருந்தார். ஓட்டுநர் அண்ணாதுரை இறங்கி வந்தார்.

“என்னாண்ணே, லோடோட மேடையில ஏறி நிக்கிறேன், நம்பரே விழல?”

“உன்ன யாருய்யா வரச்சொன்னா?”

“நீங்கதான் ரெண்டு நடை பாக்கின்னீங்களாம். சாப்பிட உக்காந்தவன எழுப்பி அனுப்புனாங்க.”

“அது இந்த நடைய்யா.” வீரமுத்து திரையைக் காட்டினார்.

அண்ணாதுரை குனிந்து பார்த்தார். “யாரு இந்தத் தவள மூஞ்சி?”

“எதிரி. இப்ப ஓட்டு நடக்கப்போவுது. இந்தக் கல்லு மனுசங்க யாருக்குப் போடுறாங்களோ அவந்தான் ராசா.”

ஓட்டு என்றதும் அண்ணாதுரைக்குக் கோபம் போய்விட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “கல்லு ஆளுங்களுக்கு என்ன குடுத்தீங்க?”

“கப்பல் கட்டுற வித்தை பூரா சொல்லிக் குடுத்துட்டேன்.”

“ஓட்டுக்கு முன்னாடியேவா?”

“முன்னாடியேதான்.”

“போச்சு, போங்க.”

கல் மனிதர்கள் தவளைக்குப் போட்டார்கள். திரையில் ஒரு கேள்வி வந்தது: புதிய பேரரசரை ஏற்கிறீர்களா? ஏற்றால் ஆட்டம் முடிந்துவிடும். மறுத்தால் அண்டமே அவர்மீது படையெடுக்கும். நான்கு அடிக்க மூன்று நிமிடம் இருந்தது.

மேலாளர் நீட்டிய தாளிலெல்லாம் படிக்காமல் கையெழுத்துப் போட்டுப் பழகிய கை. அது தானாக ‘ஏற்கிறேன்’ பக்கம் நகர்ந்தது.

“ஒத்துக்கப்போறீங்களா? இந்த மூஞ்சிக்கா?” என்றார் அண்ணாதுரை.

வீரமுத்து மறுத்தார். நாலா பக்கமிருந்தும் கப்பல்கள் கிளம்பின. அரும்பாவூர்மேல் முதல் குண்டு விழுந்த நேரத்தில், கணினி மாற்றவந்த பிரேம்குமார் புதுப் பெட்டியோடு உள்ளே நுழைந்தான்.

“பழசுலேருந்து ஏதாச்சும் எடுத்து வைக்கணுமாண்ணே?”

“சண்ட நடக்குது தம்பி. எத எடுக்குறது?”

பிரேம்குமார் பிளக்கைப் பிடுங்கினான்.

யார் கேட்டாலும், அந்த ஆட்டத்தில் தான் தோற்கவில்லை என்றுதான் வீரமுத்து சொல்கிறார். இருந்த ஒரே சாட்சி அண்ணாதுரை. அவரும் தவளைக்கு எதிர்க்கட்சி.