தள்ளினால் கிளம்பாத கார்

காலைப் பனியில் நனைந்த டிக்கியின் இரும்பு… உள்ளங்கை வைத்ததும் சில்லிடும். மூக்கில் பெட்ரோல் வாசனை.

பரமத்தி வேலூரில் அப்பா வைத்திருந்த வெள்ளை அம்பாசிடர் அது. யாரோ ஒரு டாக்டர் ஓட்டித் தேய்த்த பிறகு வாங்கியது. செல்ஃப் எடுக்காது. தினமும் தள்ள வேண்டும். அப்பா ஸ்டீயரிங்கில், பின்னால் அம்மாவும், இரட்டைச் சடையும் பள்ளிச் சீருடையுமாக நானும். தள்ளும் வயதில்லாத தம்பி திண்ணையில்.

நாங்கள் இருவர் மட்டும் தள்ளி அது அசைந்ததே இல்லை.

பக்கத்து வீட்டிலிருந்து சித்தப்பா வருவார். கிணற்றுத் தண்ணீர் முறையில் தகராறாகி, அவரும் அப்பாவும் பேசுவதை நிறுத்தி வருடங்கள் ஆகியிருந்தன. எதுவானாலும் என் வழியாகத்தான்.

"உங்கப்பாகிட்டச் சொல்லு சாமி, செகண்ட் கியரப் போடச் சொல்லு. போன வாரமாட்ட நியூட்ரல்ல உக்காந்துட்டு ஊர்கோலம் போக வேண்டாம்னு."

"உன்ற சித்தப்பன்கிட்டச் சொல்லு, தள்ளறதுன்னா தள்ளச் சொல்லு. தடவிக் குடுக்கறதுக்கு இது மாடு இல்லீன்னு."

இருவருக்கும் எல்லாம் கேட்கும். இருந்தாலும் நான் சொல்ல வேண்டும்.

சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டி ஒரே மூச்சாகத் தள்ளுவார். வண்டி குலுங்கி, இருமி, புகை கக்கிக் கிளம்பும். அவர் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்.

"ஏனுங்க, அந்தச் செல்ஃப மாத்துனாத்தான் என்னங்க? ஊரே சிரிக்குது" என்பார் அம்மா.

"பாக்கலாம்" என்பார் அப்பா. கஞ்சத்தனம் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

அப்பா போன பிறகு காரை வாங்க வந்தவர், டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியிலிருந்து பழுப்பேறிய அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்தார்.

"புதுச் செல்ஃப் மோட்டாருங்க… பிரிக்கவே இல்ல. ஏனுங்க மாட்டாம உட்டாரு?"

மறந்திருப்பார் என்றேன். அப்பா எதையும் மறக்கிறவர் அல்ல.

அதே வீட்டில் இப்போது நடுவில் ஒரு சுவர். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் தம்பி. அம்மாவைக் கடைசியில் யார் பார்த்துக்கொண்டது என்று தொடங்கிய வாக்குவாதம்… மூன்று வருடமாகப் பேச்சில்லை. இடையில் சொல்லிவிட ஒரு பிள்ளையும் இல்லை.

என்னுடையதும் பழைய கார்தான். பத்து வருட ஆட்டோமேட்டிக். ஏசி உண்டு, கிளட்ச் இல்லை. ஒருநாளும் மக்கர் செய்ததில்லை. யாரையும் கூப்பிட வேண்டி வந்ததில்லை.

போன வாரம் காலையில் பேட்டரி செத்துவிட்டது. மெக்கானிக் வந்து பானெட்டைத் திறந்தார். கேட்டருகே பல் துலக்கிக்கொண்டிருந்த தம்பி சற்று நேரம் பார்த்தான். பிரஷ்ஷைச் சுவர்மேல் வைத்தான். லுங்கியை மடித்துக் கட்டினான். அச்சு அசல் சித்தப்பாவின் கட்டு. இரண்டு எட்டு எடுத்து வைத்தான்.

நான் டிக்கியருகே இடம் விட்டு ஒதுங்கினேன்.

மெக்கானிக் தலை நிமிராமலே சொன்னார்: "வேண்டாங்ணா. இது ஆட்டோமேட்டிக். தள்ளுனா ஸ்டார்ட் ஆகாதுங்க."

தம்பி நின்றான். லுங்கியை இறக்கிவிட்டான். பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

வேறொரு பேட்டரியிலிருந்து ஒயர் மாட்டியதும் கார் சத்தமில்லாமல் உயிர் பெற்றது.

"வண்டி அருமைங்க்கா. பேட்டரிய மட்டும் மாத்திருங்க, அப்பறம் ஒருத்தரையும் எதிர்பாக்க வேண்டியதில்ல."

"பாக்கலாம்" என்றேன்.