சோலாருக்கு வைத்த பொட்டு

ஜானகிராமன் படித்து முடிப்பதற்குள் கருவடிக்குப்பத்தில் ஒரு தலைமுறையே படித்து முடித்துவிடும் போலிருந்தது. பாலிடெக்னிக்கில் வேலை பார்த்துக்கொண்டே, ஊருக்கு வெளியே ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் சூரிய மின்சாரம் பற்றி முனைவர் பட்டத்துக்குப் பதிந்தபோது மகள் இனியா ஆறாம் வகுப்பு. இப்போது பிளஸ் டூ.

"நான் காலேஜ் சேர்றதுக்குள்ள முடிச்சுடுப்பா. ரெண்டு பேரும் ஒரே பஸ்ல போனா மானம் போயிடும்" என்றாள். முடித்துவிடுவதாக அவரும் சத்தியம் செய்திருந்தார்.

ஆராய்ச்சி நடந்தது வீட்டு மொட்டை மாடியில். அங்கிருந்த சோலார் பலகைகளில் மின்சாரம் இரண்டு வருஷமாக நவராத்திரி முடிந்த கையோடு குறைந்தது. அடைமழை பிடித்ததும் சரியாகிவிட்டது. கடல்காற்றின் உப்பு படிகிறது, மழை கழுவுகிறது என்று அவர் முடிவு கட்டினார். வழிகாட்டி தீபலட்சுமி மேடத்துக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பல்கலைக்கழகத்தில் மேடத்தின் துறை மாடியில் இருந்த பலகைகளிலும் அதே நாளில் அதே இறக்கம். இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? மாடியில் சோலார் வைத்தவர்களுக்கு அந்த மாதம் அரசே ஆள் அனுப்பிக் கழுவித் தர வேண்டும் என்று கடைசி அத்தியாயத்தில் பரிந்துரையும் எழுதியாயிற்று.

ஆய்வேடு கொடுக்க ஒரு வாரம் இருக்கும்போது மனைவி பூவிழியின் தம்பி ராஜ்கமல் வந்தான். வீட்டில் பூனை குட்டி போட்டாலும் பேனர் வைக்கிற ஆள் அவன்.

"மாமா, டாக்டர் ஜானகிராமன்னு டிசைன் போட்டாச்சு. போட்டோ எப்டி இருக்கு பாருங்க" என்று போனை நீட்டினான்.

ஆயுத பூஜைப் படம். பட்டு வேட்டியில் ஜானகிராமன் சோலார் பக்கத்தில் கம்பீரமாக நின்றார். ஒவ்வொரு பலகையின் நடுவிலும் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், அதன்மேல் குங்குமம். எல்லாம் அவர் கையால் அப்பியது. ஸ்கூட்டருக்கும் மிக்சிக்கும் வைத்துவிட்டு, பட்டம் வாங்கித் தரப்போகிற சோலாரை மட்டும் எப்படி விடுவது? செல் என்கிற ஒரு சின்னக் கட்டத்தில் நிழல் விழுந்தாலும் பலகை முழுவதும் படுத்துவிடும் என்று அதே மனுஷன்தான் இரண்டாம் அத்தியாயத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்.

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். மழை கழுவியது உப்பை அல்ல.

வாயைத் திறக்காவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. இனியாவுக்குச் செய்த சத்தியமும் நிற்கும். ஆனால் இல்லாத உப்பைக் கழுவ அரசாங்கம் ஆள் அனுப்புவதை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே போய் மேடத்திடம் சொன்னார்.

மேடம் தன் போனில் துறையின் ஆயுத பூஜைப் படத்தைத் தேடி எடுத்தார்.

"இங்கயும் பூஜை போட்டோமே" என்றார் பிறகு.

"இங்க பொட்டு யாரு மேடம் வெச்சது?"

"நான்தான். கொஞ்சம் பெருசாவே வெச்சேன்."

உப்பு அத்தியாயம் போனது. பொட்டில்லாமல் இன்னொரு ஆயுத பூஜை தாண்டி அளந்தால்தான் ஆய்வேடு என்று ஆனது. இனியா ஒரு நாள் முழுக்க அப்பாவோடு பேசவில்லை. "பொட்ட ஓரத்து சட்டத்துல வெச்சா சாமி வேணான்னா சொல்லப்போவுது?" என்று பூவிழிதான் இரண்டு பேருக்கும் பொதுவாகச் சொல்லிவைத்தாள்.

ஜூலையில் இனியாவுக்கு இடம் கிடைத்தது அதே பல்கலைக்கழகத்தில். முதல் நாள் இருவரும் பஸ் ஏறப் போனபோது நிறுத்தத்தில் பேனர் தயாராக நின்றது. கொடுத்த முன்பணத்தை வீணாக்க ராஜ்கமலுக்கு மனசு வரவில்லை போலும். அதே வேட்டி, அதே சந்தனம். பக்கத்தில் இனியா. கீழே, 'கல்லூரியில் காலடி வைக்கும் எங்கள் இனியாவையும், அங்கேயே தொடர்ந்து படிக்கும் அவள் தந்தையையும் வாழ்த்துகிறோம்.'

ஜானகிராமன் தலையைக் குனிந்துகொண்டார். இனியா பேனரை முழுசாகப் படித்தாள். பஸ் வந்ததும் பெண்கள் பக்கம் போகாமல் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"அப்பா, கேம்பஸ்ல யாருன்னு கேட்டா, சீனியர்னு சொல்லிக்கவா?"